1471-க்கு மூட்டை கட்டுவது

இங்கிலாந்தின் குளஸ்டர்ஷயரில், செவர்ன் ஆறும் ஏவன் ஆறும் கூடும் இடத்தில், டியூக்ஸ்பரி என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1471 மே 4 அன்று அவ்வூரின் தென்புற வயல்களில், யார்க் மரபின் அரசர் நான்காம் எட்வர்டின் படை லங்காஸ்டர் தரப்பை முறியடித்தது. லங்காஸ்டர் இளவரசர் அன்றே கொல்லப்பட்டார். அவருடைய தாய், அரசி மார்கரெட், சில நாட்களில் பிடிபட்டார். ரோஜாப் போர்கள் என்று வரலாறு சொல்லும் நீண்ட வாரிசுச் சண்டையில் அது பெரிய திருப்பம். இப்போது ஆண்டுதோறும் ஜூலை மாதத்து வார இறுதி ஒன்றில் அந்தப் போரை அதே ஊரில் நடத்திக் காட்டுகிறார்கள். சண்டை சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் கித்தான் கூடாரம், விறகடுப்பு, மரக்கிண்ணம், கம்பளி என்று 15ஆம் நூற்றாண்டுப் பாளையம் ஒன்றில் வாழ்கிறார்கள்.

ரீஎனாக்ட்மென்ட் என்று அழைக்கப்படும் இந்த மீள்நிகழ்த்தலுக்கு ஐரோப்பா முழுவதும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஸ்வீடனின் விஸ்பியிலும் போலந்தின் கிரன்வால்டிலும் கோடைதோறும் இதே வகை விழாக்கள் நடக்கின்றன. பர்மிங்ஹாமிலோ பிரிஸ்டலிலோ வசிக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு டியூக்ஸ்பரி காரில் போய் வரும் தூரம்தான். வேடிக்கை பார்க்கப் போகிறவர்களில் சிலருக்கு அடுத்த ஆண்டு உள்ளே நின்று பங்கேற்க வேண்டும் என்று ஆசை வந்துவிடுகிறது. அவர்கள் எதை, எந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வரிசை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆசை வந்ததும் பெரும்பாலோர் முதலில் வாங்குவது வாளும் தலைக்கவசமும். கடைசியில் வாங்குவது சட்டையும் காலணியும். இது தலைகீழ். வாளை ஒரு நாளில் ஒரு மணி நேரம் பிடிப்பார்கள். சட்டையை இரண்டு நாள் இரவு பகலாக உடுத்தியிருப்பார்கள். தோலைத் தொடும் துணியிலிருந்து தொடங்கி வெளியே போக வேண்டும். உள்ளாடை, மேலாடை, காலணி, போர்வை, கூடாரம், கடைசியாகக் கவசம். இந்த வரிசையில் போனால் காசும் வீணாகாது, முதல் இரவே குளிரில் நடுங்கி ஆசையைக் கைவிடவும் நேராது.

ஆனால் ஒரு முழத் துணி வாங்குவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை மூன்று: எந்த ஆண்டு, எந்த ஊர், எப்படிப்பட்ட ஆள். இடைக்காலம் என்பது சுமார் ஆயிரம் ஆண்டுகளை அடக்கிய சொல். அதில் ஒரு மூலையில் சரியாக இருப்பது இன்னொரு மூலையில் முழுத் தவறு. நார்வேயில் 1904-இல் தோண்டியெடுக்கப்பட்ட ஓசபெர்க் கப்பலில் கூடாரச் சட்டங்கள் கிடைத்தன. பலகை முனைகளில் விலங்குத் தலை செதுக்கிய அழகான சட்டங்கள் அவை. அவற்றைப் பார்த்துச் செய்த கூடாரங்கள் வைக்கிங் பாளையங்களில் கம்பீரமாக நிற்கின்றன. அந்தக் கப்பல் புதைக்கப்பட்டது 834-ஆம் ஆண்டு. டியூக்ஸ்பரிப் போருக்கு 637 ஆண்டுகள் முன்பு. அதே கூடாரத்தை அங்கே கொண்டுவந்து அடித்தால், கட்டபொம்மன் நாடகத்தில் சோழர் காலத்து அரண்மனையை நிறுத்தியது போலாகும்.

ஆள் என்பதும் அதே அளவு முக்கியம். தொடங்குகிறவர்கள் சாதாரண மனிதரைத் தேர்ந்துகொள்வது நல்லது: வில்லாளி, வண்டியோட்டி, சமையல்காரர், தையல்காரர், படைக்குப் பின்னால் வந்த குடும்பத்துப் பெண். சிக்கனம் மட்டும் இதற்குக் காரணமில்லை. அந்தச் சமூகத்தில் உடை என்பது தகுதியின் அடையாளம். அதைச் சட்டமே கட்டுப்படுத்தியது. டியூக்ஸ்பரிக்கு எட்டு ஆண்டுகள் முன்னால், 1463-இல், நான்காம் எட்வர்டின் நாடாளுமன்றம் ஓர் உடைச் சட்டம் போட்டது. பிரபுவுக்குக் கீழ்ப்பட்டவர்களின் காலணி முனை இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது. அவர்களுடைய மேற்சட்டை பின்புறத்தை மறைக்காத அளவுக்குக் குட்டையாகவும் இருக்கக் கூடாது. அப்படித் தடை போட வேண்டியிருந்தது என்றால் அதை மீறி உடுத்தியவர்கள் இருந்தார்கள் என்றும் பொருள். ஆனாலும் வெல்வெட்டும் வேட்டைப் பருந்துமாக ஒரு பிரபு வேடம் போட வேண்டுமென்றால் அதற்கேற்ற துணி, வேலையாட்கள், கூடாரம், மேசைப் பாத்திரம் எல்லாம் வேண்டும். பாதி பிரபு என்று யாரும் இருந்ததில்லை. சாதாரண ஆளாக இருந்தால் சில உருப்படிகளிலேயே வேடம் முழுமையாகிவிடும்.

மூன்றையும் முடிவு செய்ததும் ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்துவிடுங்கள். தனியாளாகப் போர்க்களத்தில் இறங்க விடமாட்டார்கள். பயிற்சி, காப்பீடு, ஆயுதச் சோதனை எல்லாம் குழு வழியாகத்தான். பல குழுக்கள் புதியவர்களுக்கு முதல் ஓரிரு விழாக்களுக்கு உடையை இரவல் கொடுக்கும். இரவல் உடையில் ஒரு வார இறுதியைக் கழித்தவருக்கு, எதை வாங்க வேண்டும், எது தேவையில்லை என்று தானாகவே தெரியும்.

இனி துணி. இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாதாரண மனிதர் உடம்பில் இருந்தவை இரண்டே துணிகள்: உள்ளே லினன், வெளியே கம்பளி. நாம் விதையை மட்டும் மருந்துக்கும் சட்னிப் பொடிக்கும் பயன்படுத்துகிற ஆளிச் செடியின் தண்டு நாரில் நெய்வது லினன். வியர்வையை வேகமாக உறிஞ்சும், வேகமாகக் காயும், கொதிக்கிற நீரில் போட்டு அடித்துத் துவைத்தாலும் தாங்கும். கம்பளியை அப்படித் துவைக்க முடியாது, சுருங்கிக் கெட்டியாகிவிடும். ஆகவே உடம்பின் அழுக்கையும் எண்ணெயையும் லினன் வாங்கிக்கொண்டது, மழையையும் குளிரையும் கம்பளி தாங்கியது. ஒன்றை அடிக்கடி வெளுத்தார்கள், மற்றதைத் தட்டித் தூசி போக்கி மாட்டி வைத்தார்கள். இது புரிந்துவிட்டால் அந்தக் காலத்து அலமாரி முழுவதும் புரிந்துவிடும்.

சட்டைக்குப் பருத்தி போதாதா என்று கேட்பார்கள். பருத்தி ஐரோப்பாவுக்கு அப்போது தெரியாத பொருளல்ல. லினன் பாவும் பருத்தி ஊடையுமாக நெய்த ஃபஸ்டியன் துணி புழக்கத்தில் இருந்தது. மெத்தைத் தையல் போட்ட உடைகளுக்குள் பருத்தி அடைத்தார்கள். ஆனால் உள்சட்டை என்றால் லினன்தான். வசதிக்கும் அதுவே மேல்: நனைந்த பருத்தி தோலோடு ஒட்டிக்கொண்டு மாலைக் காற்றில் குளிரெடுக்க வைக்கும், லினன் அதற்குள் காய்ந்திருக்கும். ஒருவருக்கு இரண்டு சட்டை வேண்டும். ஒன்றை உடுத்தி, ஒன்றைக் கயிற்றில் காயப் போட்டுக்கொள்ளலாம்.

சட்டையின் வெட்டு எளிது. உடலுக்குச் செவ்வகம், கைக்குச் செவ்வகம், அக்குளில் சிறு சதுரத் துண்டு, பக்கவாட்டில் விரிவுக்கு முக்கோணத் துண்டு. எல்லாம் நேர்கோட்டு வெட்டு என்பதால் துணி வீணாகாது. சுமார் இரண்டரை மீட்டர் போதும். வெட்டுவதற்கு முன் வெந்நீரில் ஒருமுறை அலசிக் காயவையுங்கள். லினன் முதல் அலசலில் சுருங்கும். உள்தையலை மெஷினில் ஓட்டினாலும் கண்ணுக்குத் தெரியும் கழுத்து, கைமுனை, ஓரம் ஆகியவற்றைக் கையால் தைப்பது என்பது பல குழுக்களின் நடைமுறை. கையால் ஓரம் தைத்த துணி மடிந்து விழும் விதமே வேறு. இதை நான் வெறும் அழகுக்காகச் சொல்லவில்லை. தன் சட்டையைத் தானே தைத்தவர் அந்த நூற்றாண்டின் உழைப்பில் ஒரு சிறு பகுதியைக் கையால் அறிந்தவராகிறார். புத்தகத்தால் தர முடியாத அறிவு அது.

கம்பளியில் கவனிக்க வேண்டியது, நெய்த பின் தண்ணீரில் அடித்துச் சுருக்கிக் கெட்டியாக்கிய துணியா என்பது. அப்படிச் செய்த துணியின் வெட்டுவாய் எளிதில் பிரியாது. தூறலும் உடனே உள்ளே இறங்காது. கடையில் கம்பளி என்று விற்பதில் பாதி பாலியஸ்டர் கலந்திருக்கும். ஓரத்தில் நாலு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். உண்மைக் கம்பளி என்றால் மயிர் கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். உருகி முத்தாக உறைந்தால் அது செயற்கை இழை. இது நம்பகத்தன்மை பற்றிய கேள்வி மட்டுமல்ல. பாளையத்தில் எங்கு திரும்பினாலும் நெருப்பு. கம்பளியில் பொறி விழுந்தால் கருகி அணையும். பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

ஆணின் கீழுடை புதியவர்களைத் திணறவைக்கும். உள்ளே லினன் அரைக்கச்சை. மேலே ஹோஸ் எனப்படும் கம்பளிக் காலுடை, காலோடு ஒட்டிப் பாதம் வரை போகும். எலாஸ்டிக் 19ஆம் நூற்றாண்டுச் சங்கதி. அது இல்லாத காலத்தில் துணி காலோடு ஒட்டியதன் ரகசியம், கம்பளியைக் கிராஸ் கட்டிங்கில் வெட்டியதுதான். ரவிக்கை தைப்பவர்கள் இதைக் கேட்டதுமே புரிந்துகொள்வார்கள்: இழை சாய்ந்து ஓடும்போது துணி இழுபடும். ஹோஸுக்கு இடுப்புப் பட்டி கிடையாது. அதன் மேல் விளிம்பில் துளைகள். அவற்றில் கயிறுகளைக் கோத்து டப்ளெட் என்னும் இறுக்கமான மேற்சட்டையின் கீழ்விளிம்போடு முடிவார்கள். கயிற்று நுனியில் துளைக்குள் நுழைக்க வசதியாகச் சிறு உலோகக் கூடு இருக்கும். டப்ளெட் உடம்போடு சரியாகப் பொருந்தியிருந்தால் எடை முழுவதும் அதில் இறங்கி, உடுத்தியிருப்பதே தெரியாது. தளர்ந்திருந்தால் குனியும்போதெல்லாம் முதுகுப்பக்க முடிச்சு பிய்யும். அந்தக் காலத்து ஓவியங்களில் வேலை செய்கிற ஆண்கள் பின்முடிச்சுகளை அவிழ்த்துவிட்டு, உள்சட்டை வெளியே தெரியக் குனிந்திருப்பதைக் காணலாம். ஆகவே செலவில் பெரும்பங்கைத் தாராளமாக டப்ளெட்டுக்கு ஒதுக்குங்கள். அளவெடுத்துத் தைப்பது மிக முக்கியமான உடை அதுதான்.

பெண்ணுக்கு உள்ளே கணுக்காலை எட்டும் லினன் அங்கி, மேலே கர்ட்டில் எனும் கம்பளிக் கவுன், அதன் முன்புறம் கயிற்றால் கோத்து இறுக்குவது, முழங்கால் வரை கம்பளிக் காலுறை, அதைப் பிடிக்க நாடா, தலைக்கு வெள்ளை லினன் துணி. மார்புக்குத் தாங்கலை கர்ட்டிலின் இறுக்கமே தரும் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். ஆஸ்திரியாவின் கிழக்குத் திரோலில் உள்ள லெங்க்பெர்க் கோட்டையில் 2008-இல் ஒரு தளத்தின் அடியிலிருந்து 2,700-க்கும் மேற்பட்ட துணித் துண்டுகள் வெளிப்பட்டன. அவற்றில் கிண்ணவடிவில் வெட்டித் தைத்த, இன்றைய மார்க்கச்சையை ஒத்த 15ஆம் நூற்றாண்டு லினன் ஆடைகளும் இருந்தன. இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்தின் பியாட்ரிக்ஸ் நுட்ஸ் அதை 2012-இல் உலகுக்குத் தெரிவித்தபோது பெண்கள் உடை பற்றிய பல ஊகங்கள் மாறின. இன்று அந்த வெட்டைப் பார்த்துத் தைத்துக்கொள்ளும் பெண்கள் நிறைய. துணி என்பது மண்ணில் மட்கிவிடும் பொருள். கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸில் உறைநிலத்துக்குள் கிடந்து 1921-இல் போல் நோர்லண்ட் தோண்டியெடுத்த கம்பளி அங்கிகளை இன்றும் தையல்காரர்கள் பாடமாகக் கொள்வது இதனால்தான்.

ஆணோ பெண்ணோ, தலையை மூடாமல் திரியாதீர்கள். வெறுந்தலையே வேடத்தை முதலில் கெடுப்பது. தோள்வரை இறங்கும் கம்பளி முக்காட்டுத் தொப்பி ஒன்று போதும்; மழைக்கும் குளிருக்கும் இரவில் தூங்கவும் உதவும். வெயிலுக்கு வைக்கோல் தொப்பி. 15ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பெரி கோமகனுக்காக வரைந்த வழிபாட்டு நூலில், வயலில் அறுவடை செய்கிற ஆட்கள் தலையில் அதை இன்றும் பார்க்கலாம்.

நிறம் பற்றிச் சொல்லும்போது நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. இடைக்கால இங்கிலாந்தில் நீலம் வோட் என்ற செடியிலிருந்து வந்தது, சிவப்பு மேடர் வேரிலிருந்து, மஞ்சள் வெல்ட் செடியிலிருந்து. வோட் இலை தரும் சாயப்பொருளும் நம் அவுரி தரும் சாயப்பொருளும் ஒன்றே. அவுரியில் அளவு மிகுதி. மேடர் வேரில் சிவப்பைத் தரும் அலிசரின்தான் சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் இருக்கிறது. இயற்கைச் சாயம் என்றால் மங்கலாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் தவறு; நல்ல மேடர் சிவப்பு கண்ணைப் பறிக்கும். தவிர்க்க வேண்டியது 1856-இல் பெர்க்கின் கண்டுபிடித்த ஊதாவுக்குப் பிறகு வந்த ரசாயன நிறங்களை. எளியவர் வேடத்துக்குச் சாயமேற்றாத ஆட்டுமயிர்ச் சாம்பலும் பழுப்பும் எப்போதும் பொருந்தும். படையில் இருப்பவர்கள் தலைவரின் நிறத்தில் மேலங்கி போடுவார்கள். யார்க் தரப்புக்குக் கருஞ்சிவப்பும் நீலமும். அதைக் குழு சொல்லும்வரை தைக்காதீர்கள்.

காலணி. உள்புறம் வெளியே இருக்கத் தைத்து, பிறகு திருப்பிப் போடுகிற டர்ன்ஷூ வகை அது. குதிகால் உயரம் கிடையாது, அடித்தோல் ஒற்றைப் பட்டை. தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் கிடந்து கெடாமல் நூற்றுக்கணக்கில் கிடைத்தவற்றை லண்டன் அருங்காட்சியகம் ஆராய்ந்து வெளியிட்ட தொகுதி, செருப்புத் தைப்பவர்களுக்கு இன்றும் கையேடு. பழகாதவர்களுக்கு முதல் நாளே கெண்டைக்கால் வலிக்கும். கம்பளித் துணியில் உள்ளடி வெட்டிப் போட்டுக்கொண்டு, விழாவுக்கு முன் சில வாரங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் நடந்து பழகுங்கள். ஈரப் புல்லில் வழுக்கும் என்பதை மறக்காதீர்கள். சேற்றுக்கு மரக்கட்டையில் செய்த பேட்டன் என்னும் மேற்பாதுகை உண்டு. காலணிக்கு மேலேயே மாட்டிக்கொள்வது.

தைக்கத் தெரியாதவர்களும் நேரமில்லாதவர்களும் இதற்கென்றே கூடும் சந்தைகளில் வாங்கலாம். ஆனால் இணையத்தில் இடைக்கால உடை என்று விற்கும் பளபளப்பான உருப்படிகளில் பெரும்பாலானவை நாடக மேடைக்குரியவை. குழுவில் மூத்தவர் ஒருவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

உடை முடிந்தது, இரவு பாக்கி. ஜூலை மாதமானாலும் இங்கிலாந்தின் ஆற்றங்கரைப் புல்வெளியில் விடியற்காலை வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். குளிர் மேலிருந்து வருவதைவிட அதிகம் கீழிருந்துதான் வரும். அதனால் போர்வைக்கு முன்னால் படுக்கையைக் கவனியுங்கள். கெட்டித் துணியில் பெரிய பை தைத்து, உலர்ந்த வைக்கோலை அது பிதுங்கும் அளவுக்கு அடைத்துவிட்டால் மெத்தை தயார். முதல் இரவுக்குப் பிறகு அது பாதியாக அமுங்கும், எனவே நினைப்பதைவிடக் கூடுதலாக அடையுங்கள். மேலே ஓர் ஆட்டுத்தோல், அதன் மேல் இரண்டு கெட்டிக் கம்பளிகள், ஒன்று கீழே ஒன்று மேலே. வைக்கோல் ஒவ்வாமை இருந்தால் பைக்குள் நவீன மெத்தையை நுழைத்துக்கொள்ளலாம். வெளியே தெரியாதவரை யாரும் கேட்கப் போவதில்லை. பகலில் உடுத்திய வியர்வைச் சட்டையோடு தூங்காதீர்கள். மாற்றுச் சட்டையும் முக்காட்டுத் தொப்பியும் போட்டுக்கொண்டால் உறக்கம் கெடாது.

கூடாரத்தை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். குழுவின் கூடாரத்தில் இடம் கேட்டுப் படுத்துப் பாருங்கள். ஓவியங்களில் வட்டக்கூரையும் வண்ணக் கொடியுமாக நிற்பவை பிரபுக்களுடையவை. இருவருக்கு ஏற்றது, இரண்டு கம்பும் ஒரு முகட்டு வளையும் கொண்ட சாய்கூரைக் கூடாரம். அந்தக் காலத்தில் லினன் அல்லது சணல்வகைக் கித்தான்; இன்று விலை கருதிப் பருத்திக் கித்தானை ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 300 முதல் 400 கிராம் எடையுள்ள துணி நல்லது. புதுக் கித்தானை வீட்டுத் தோட்டத்தில் விரித்து ஒரு மழையிலாவது நனைத்துக் காயவிடுங்கள்; நூல் உப்பித் தையல் துளைகள் அடைபடும். மழையில் உள்பக்கத்தைத் தொடக் கூடாது, தொட்ட இடத்தில் ஒழுகும். சாமான்களையும் சுவரில் சாய்க்காதீர்கள். இயற்கை நாரில் திரித்த இழுகயிறுகள் ஈரத்தில் சுருங்கும். இரவு மழை வரும் என்றால் படுக்கப் போகுமுன் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் முளைகளைப் பிடுங்கிவிடும். கூடாரம் வாங்குவதற்கு முன் காரின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கித்தான் மடங்கும், முகட்டு வளை மடங்காது.

கூடாரத்துக்குள் நெருப்பு கூடவே கூடாது. கரியடுப்பைக் குளிருக்கு இதமாக உள்ளே எடுத்து வைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அணைந்ததாகத் தோன்றும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனை இல்லை, தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். மெழுகுவர்த்தி லாந்தரையும் வெளியே மாட்டி, உள்ளே ஒளித்துவைக்கும் மின்விளக்கைப் பயன்படுத்துங்கள். இதில் வரலாற்று உண்மையை விட்டுக்கொடுப்பதில் எந்தக் குறையும் இல்லை.

அடுப்புச் சாமானைக் குழு பொதுவாக வைத்திருக்கும். விழா நடத்துகிறவர்கள் பல இடங்களில் புல்லின் மேல் நேராக நெருப்பு மூட்ட விடுவதில்லை. கால் வைத்த இரும்புத் தட்டு வேண்டும். பக்கத்தில் எந்நேரமும் ஒரு வாளித் தண்ணீர். உங்களுக்கு வேண்டியது கடைந்த மரக்கிண்ணம், மரத்திலோ கொம்பிலோ செய்த கரண்டி, மண் குவளை, இடுப்பில் தொங்கும் சிறு கத்தி, கைதுடைக்க ஒரு லினன் துண்டு. முள்கரண்டி வேண்டாம், இங்கிலாந்தில் அதை வைத்துச் சாப்பிடும் வழக்கம் அப்போது இல்லை.

பானையில் என்ன வேகலாம் என்பதற்கு 1492 ஓர் எல்லைக்கோடு. உருளைக்கிழங்கு, தக்காளி, மக்காச்சோளம், மிளகாய் எல்லாம் கொலம்பஸுக்குப் பிறகு வந்தவை. வாற்கோதுமை, உலர்ந்த பட்டாணி, வெங்காயம், லீக், முட்டைக்கோஸ், கொஞ்சம் உப்பிட்ட பன்றியிறைச்சி எல்லாம் ஒன்றாக வெந்த பாட்டேஜ் என்னும் கூழ்தான் எளியவரின் உணவு. காரம் வேண்டும் நம் நாக்குக்கு மிளகு உண்டு. இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து பல கைகள் மாறி லண்டன் போய்ச் சேர்ந்த சரக்கு அது. லண்டனில் மிளகு வணிகர் சங்கம் 1180-லேயே பதிவாகியிருக்கிறது. விலை அதிகம் என்பதால் ஏழை வேடக்காரர் அளவாகத்தான் போட வேண்டும்.

கண்ணாடி போடுகிறவர்கள் கவலைப்படுவதுண்டு. லண்டன் டிரிக் லேன் அகழாய்வில் 1440 வாக்கிலான, எலும்பில் செய்த மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது. நடுவில் ஆணியடித்து இணைத்த இரண்டு வளையங்கள், காதுப்பிடி கிடையாது. படிப்பதற்கு அதுபோல் செய்த ஒன்றைப் பயன்படுத்தலாம், சண்டைக்குக் கான்டாக்ட் லென்ஸ். மருந்து, கைப்பேசி, பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் மூடியுள்ள மரப்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அதுவே பகலில் உட்காரும் பலகையாகவும் இருக்கும். இன்சுலினோ இன்ஹேலரோ வேண்டியவர்கள் அது எங்கே இருக்கிறது என்பதைக் குழுவில் இருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

கவசத்தைக் கடைசியில் வைத்தேன். 1483-இல் லண்டனில் இருந்த இத்தாலியர் டொமினிக் மன்சினி, ஆங்கிலேயப் படையாட்களில் பெரும்பாலோர் மார்புத்தகடு அணியாமல், சணல் துகள் அடைத்த மெத்தைச் சட்டையோடு வந்ததாக எழுதியிருக்கிறார். மெத்தென்று இருந்தால்தான் அடியை நன்றாகத் தாங்கும் என்று அவர்கள் நம்பினார்களாம். ஜாக் எனப்படும் அந்தச் சட்டையும், தலைக்கு அளவாக உள்மெத்தை வைத்த சாலெட் வகைத் தலைக்கவசமும், கையுறையும் இருந்தால் ஒரு வில்லாளி களத்துக்குப் போகலாம். அளவு தவறிய தலைக்கவசம் ஆபத்து, ஆகவே போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஆயுதம் முனை மழுக்கியதாக இருக்க வேண்டும், குழுவின் பயிற்சியில் தேறிய பின்னரே கையில் வரும். அதற்குள் ஓராண்டு ஓடிவிடும். அதற்குள் உடை முழுதும் சேர்ந்திருக்கும்.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியவை சில. ஈரக் கித்தானை மடித்துவைத்தால் சில நாட்களிலேயே கரும்புள்ளி விழும், அது போகாது. எவ்வளவு களைப்பானாலும் மறுநாளே விரித்துக் காயப் போடுங்கள். காலணிக்குள் காகிதம் அடைத்து நிழலில் உலர்த்தி, பிறகு கொழுப்போ தேன்மெழுகோ தடவுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் வெடிக்கும். லினனைத் துவையுங்கள், கம்பளியைத் தட்டிக் காற்றாட விடுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க, இறுக மூடிய பெட்டியில் வையுங்கள். வைக்கோல் பையைக் காலி செய்து துணியை மட்டும் மடித்து வைத்தால் போதும். அடுத்த ஜூலையில் புது வைக்கோல் கிடைக்கும்.